மூன்றாம் ஓலைக்குப் பிறகு

அவரிடம் எதையும் யோசித்துத்தான் கேட்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள நான் வெயிலில் பழையகாயல் வரை சைக்கிள் மிதிக்க வேண்டியிருந்தது.

சண்டைக் காலம். தூத்துக்குடியில் ஒரு வாரப் பத்திரிகையில் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கப்பல் வரவு, உப்பு விலை, கல்யாணம், சாவு எல்லாவற்றையும் நான்தான் எழுதுவேன். பங்குச்சாமியாரைப் பார்த்து ஒரு செய்தியைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. கோயில் அலுவலகத்தில், அங்கே எழுத்து வேலை பார்க்கும் உபதேசியார் மட்டும் இருந்தார். சாமியார் எங்கே என்று கேட்டேன்.

"பழையகாயல் போயிருக்காவ."

போனேன். சாமியார் அங்கிருந்து காலையிலேயே கிளம்பிவிட்டார் என்றார்கள். திரும்பி வந்தபோது அவர் தம் அறையில் சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டிருந்தார். உபதேசியார் அதே நாற்காலியில், அதே பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"பத்து மணிக்கே வந்துருவாவன்னு ஒமக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியுமே."

"பொறகு ஏன் அண்ணாச்சி சொல்லல?"

"எங்க போயிருக்காவன்னு கேட்டீரு. சொன்னேன். எப்ப வருவாவன்னு கேக்கலியே, பேப்பர்காரரே."

கேலி இல்லை. சிரிப்பும் இல்லை. கணக்கில் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டுவதுபோல் சொன்னார்.

ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. எந்த வெயிலிலும் கழுத்து மூடிய கறுப்புக் கோட்டு போட்டிருப்பார். யார் என்ன கேட்டாலும் முதலில் கண்ணாடியைக் கழற்றுவார். வேட்டி நுனியில் இரண்டு பக்கமும் துடைப்பார். திரும்ப மாட்டுவார். அதற்குள் கேள்வியின் நீளம் அகலம் அவருக்குத் தெரிந்துவிடும். அந்த அளவுக்குப் பதில் வரும். ஒரு நூல் கூடாது, குறையாது.

அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. கோயில் காரியத்தில் கை நீட்டியதில்லை. பங்குச்சாமியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்ததால், வருகிற கடிதங்களை வாசித்துச் சொல்வதும் பதில் எழுதுவதும் அவர் பொறுப்பு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று நூறு வருஷத்துப் பதிவேடுகளும் அவருக்கு மனப்பாடம். கடற்கரைத் தெருக்களில் யார் யாருக்கு எந்த வகையில் உறவு என்பது அந்தந்தக் குடும்பத்தாரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட ஆளை எந்தக் கோயிலும் விடாது.

ஒரு முறை கொழும்புக்குப் போன தோணி ஒன்று நாள் கடந்தும் வரவில்லை. செய்தி கிடைக்குமா என்று கோயில் அலுவலகத்துக்குப் போனேன். இதற்குள் கேட்கத் தெரிந்திருந்தது.

"கொழும்புலேர்ந்து தந்தி ஏதும் வந்துச்சா?"

கண்ணாடி கழன்றது, துடைக்கப்பட்டது, மாட்டப்பட்டது.

"வந்திருக்கு. தோணி முங்கிப்போச்சு. ஏழு பேர்ல ஒருத்தன் கரையேறிட்டான்."

பெயர்களைக் கேட்டேன். சொன்னார். குறித்துக்கொண்டு அச்சகத்துக்குக் கிளம்பினேன். அலுவலக வாசலில் ஒரு பெண் எதிரே வந்தாள். முங்கிப்போன ஆறு பேரில் ஒருவன் மனைவி. எனக்கு அவளை அடையாளம் தெரியும். வழிவிட்டு நின்றேன். அவள் உள்ளே போய், மாதாவுக்கு ஏற்ற ஒரு மெழுகுதிரி கேட்டாள். உபதேசியார் எடுத்துக் கொடுத்தார். அவள் ஏற்றிவைத்து ஒரு மணி நேரம் முழங்காலில் இருந்தாளாம். போகும்போது "வாரேன் உபதேசியாரே" என்றாளாம். "போயிட்டு வா" என்றாராம்.

மறுநாள் அவள் வந்து அவர் மேசையை இரண்டு கையாலும் அறைந்ததாகச் சொன்னார்கள். "நேத்தே தெரியுமாமே ஒமக்கு" என்று கேட்டாளாம். "தெரியும்" என்றாராம். "நீ மெழுகுதிரிதானே கேட்ட" என்றும் சொன்னாராம்.

இது பாவமில்லையா என்று நான் ஒரு நாள் அவரிடமே கேட்டேன். "பொய் சொன்னாப் பாவம். கேக்காதத சொல்லாம இருந்தாப் பாவம்னு ஞானோபதேசப் பொஸ்தகத்துல எங்கன எழுதியிருக்கு, காட்டும்" என்றார். நான் தேடிப் பார்க்கவில்லை.

இனிச் சொல்லப்போகிற கல்யாணத்தின் மாப்பிள்ளை போலந்து நாட்டுக்காரர். சரக்குக் கப்பலில் என்ஜினியர். விஷக் காய்ச்சலோடு எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுப் போனது கப்பல். பிழைத்தெழுந்தார். போக ஊர் இல்லை. அவர் ஊர் ஜெர்மன்காரன் கையில் இருந்தது. துறைமுகத்தில் நீராவிப் படகுகளைச் செப்பனிடும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. அப்போஸ்தலர் பெயர்தான் அது என்று பங்குச்சாமியார் சொன்னதிலிருந்து ததேயு ஆனார். விடியற்காலைப் பூசைக்குத் தவறாமல் வருவார். பூசை லத்தீனில் நடப்பதால் அந்த அரைமணி நேரம் மட்டும் ஊரில் எல்லாரும் பேசுவது அவருக்குப் புரிந்தது.

பெண் பிரகாசி. கன்னியர் பள்ளியில் ஆசிரியை. இருபத்தாறு வயது. அம்மை வார்த்த முகம். இரண்டு சம்பந்தங்கள் முகத்தைப் பார்த்தபின் நின்றுபோயிருந்தன. அவள் அப்பா தண்டல். தோணியை ஓட்டிச் செல்கிற தலைவர். ததேயுவுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கப் பிரகாசியைப் பங்குச்சாமியார்தான் ஏற்பாடு செய்தார். இரண்டு வருஷத்தில் அவர் கற்ற தமிழ் இருபது வார்த்தை தேறாது; பேச்செல்லாம் அவருடைய கப்பல் ஆங்கிலத்தில்தான். ஆனால் அவர் பெண் கேட்டார்.

ததேயு எதையும் மறைக்கவில்லை. ஊரில் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள், குண்டு வீச்சில் வீட்டோடு போய்விட்டார்கள், அந்த ஊர்க்காரன் ஒருவன் சொன்னான் என்றார். கோயிலுக்கு வாய்ப்பேச்சு போதாது. நம் நாட்டிலேயே மேற்கே போலந்து அகதிகளுக்காக ஒரு முகாம் வைத்திருக்கிறார்கள், அங்கே அவர்கள் நாட்டுச் சாமியார் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, இந்த ஆளைப் பற்றித் தெரியுமா என்று பங்குச்சாமியார் கடிதம் எழுதச் சொன்னார். உபதேசியார் எழுதினார். எட்டு மாதம் பதில் இல்லை. கடைசியில் ததேயு வேதப்புத்தகத்தின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். பிஷப், அதாவது மேற்றிராணியார், அனுமதி கொடுத்தார்.

ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் மணமக்கள் பெயரை வாசித்து, இதில் விக்கினம் ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் அறிவிக்கவேண்டும் என்று கேட்பார்கள். அதுதான் ஓலை. மூன்று முறையும் கோயில் அமைதியாக இருந்தது. முன் வரிசையில் உபதேசியார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்போது அவருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை.

மூன்றாம் ஓலைக்கு மறுநாள், திங்கட்கிழமை, முகாம் சாமியாரின் பதில் வந்தது. கல்யாணம் புதன்கிழமை. தபாலோடு போய் நின்ற உபதேசியாரைப் பார்த்து, "கடிதமெல்லாம் கல்யாணம் முடியட்டும், பிறகு வாசிக்கலாம்" என்று பங்குச்சாமியார் சொல்லிவிட்டார். உபதேசியார் கடிதத்தைப் பிரித்து வாசித்து, வரவுப் பதிவேட்டில் ஒரு வரி எழுதினார். பிறகு மாதாவின் பீடத்துக்குப் பூ ஏற்பாடு செய்யப் போனார். இதெல்லாம் பின்னால் தெரிந்தது.

போர்ச்சுக்கீசியர் காலத்துக் கோயில் அது. புதன்கிழமை காலை எட்டு மணிப் பூசையில் ததேயு தாலி கட்டினார். முடிச்சுப் போடத் தெரியாமல் மாலுமிகளின் முடிச்சு ஒன்றைப் போட்டுவிட, கோயிலுக்குள்ளேயே சிரிப்பு. பிரகாசியின் அப்பா மட்டும் அதைத் தொட்டுப் பார்த்து, "இது அவுறாது" என்றார்.

சாயங்கால விருந்து அரண்மனையில். முத்துக்குளிப்பில் செழித்த ஒரு குடும்பம் கடற்கரையில் கட்டிய பெரிய வீட்டைத்தான் ஊரில் அப்படிச் சொல்வார்கள். பர்மாத் தேக்குத் தூண்கள், பெல்ஜியம் கண்ணாடி, ஆளுயரக் கடிகாரம். அந்த வீட்டுத் தோணிக்குத்தான் பிரகாசியின் அப்பா தண்டல். கூடத்தை அவர்களே திறந்துவிட்டார்கள். அரிசிக் கட்டுப்பாடு இருந்ததால் சாப்பாடு இல்லை; கேக்கும் மக்ரூனும் காப்பியும். பிரகாசி தலையில் பூக்கிரீடத்தோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டு தடவை பெண்பார்க்க வந்தவர்கள் வேண்டாமென்று போன முகம் அன்றைக்கு எல்லாரையும் நிமிர்ந்து பார்த்தது.

"மாப்பிளைக்குக் கருவாடு எறங்குமாளா?" என்றார் அவள் தாய்மாமன்.

"ரெண்டு வருசமாத் திங்காவ மாமா."

"ஒன் கையால குடுத்தா மண்ணெண்ணெய்கூட எறங்கும் அவுகளுக்கு."

கூடம் சிரித்தது. ததேயுவும் சிரித்தார். அவருக்குப் புரிந்திருக்காது.

வாழ்த்துப் பத்திரங்களை வாசித்தார்கள். நான்கு. எல்லாம் எங்கள் அச்சகத்தில் அடித்தவை, எல்லாம் பெண் வீட்டார் பக்கத்தவை. ஒவ்வொன்று முடியும்போதும் ததேயு கை தட்டினார். பிரகாசி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து, பங்குச்சாமியாருக்குப் பின்னால் நின்ற உபதேசியாரைக் கூப்பிட்டாள்.

"உபதேசியாரே, எல்லாம் எங்க பக்கத்து வாழ்த்தாவே இருக்கு. இவுகளுக்குன்னு ஒரு வார்த்த சொல்ல ஆளில்ல. அந்த முகாம் சாமியாராவது ஒரு கடுதாசி போடலியா?"

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார்.

"போட்டிருக்காவ."

"எப்ப வந்துச்சு?"

"திங்கக்கிழம."

"எங்கன இருக்கு?"

"இங்கனதான்." கோட்டுப் பையைத் தொட்டுக் காட்டினார்.

பிரகாசி சிரித்துவிட்டாள். "பாத்தீயளா மாமா, பையில வச்சிக்கிட்டுப் பேசாம நிக்காவ."

"கேட்டாத்தானளா சொல்லுவாவ ஒங்க உபதேசியாரு" என்றார் மாமன். மறுபடியும் சிரிப்பு.

"வாசிங்க" என்றாள் பிரகாசி.

"இங்கனயா?"

"இங்கனதான்."

"இங்கிலீசுல இருக்கு."

"தமிழ்ல சொல்லுங்க. எல்லாருக்கும் வெளங்கணும்லா."

"எல்லாரும் கேக்கவா?"

"கேக்கட்டும். இவுகளுக்கும் ஆள் இருக்குன்னு தெரியட்டும்."

அவர் தாளைப் பிரித்தார். நல்ல குரல் அவருக்கு. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைக் கண்ணால் பார்த்து, தடுமாறாத தமிழில் சொன்னார்.

"கிறிஸ்துவில் அன்புள்ள சுவாமி. தங்கள் கடிதம் எனக்குத் தாமதமாகக் கிடைத்தது. தாங்கள் விசாரித்த ஆள் எங்களுக்குத் தெரிந்தவரே."

"தெரிஞ்சவுகளாம்" என்று யாரோ பக்கத்திலிருந்தவருக்குச் சொன்னார்கள். பிரகாசி ததேயுவின் தோளைத் தொட்டு, உங்கள் நாட்டுச் சாமியாரிடமிருந்து கடிதம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது.

"அவர் மரியாதையான குடும்பத்தைச் சேர்ந்தவர். பூசை தவறாதவர்."

"நான் அப்பவே சொன்னேன்லா" என்றார் மாமன்.

"அவருடைய மனைவி இறந்துவிட்டாள் என்று அவர் நம்பியிருப்பது தவறு. அவள் பல நாடுகளைக் கடந்து சென்ற ஆண்டு எங்கள் முகாமுக்கு வந்து சேர்ந்தாள்."

யாரோ காப்பிக் கோப்பையைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. பிரகாசி உட்காரவும் இல்லை, நகரவும் இல்லை. உபதேசியாரின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ததேயு புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தார், கை தட்டத் தயாராக.

"அவள் பெயர் ஹெலெனா. மகள் பெயர் ஸோபியா. மகளுக்கு ஆறு வயது."

அந்தத் தமிழில் அவருக்குத் தெரிந்த வார்த்தைகள் இரண்டு வந்துவிட்டன. ததேயு எழுந்தார்.

"ஹெலெனா?"

உபதேசியார் அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டார். ஆமாம், ஹெலெனா, தாயும் மகளும் சுகம் என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னார். பிறகு விட்ட இடத்திலிருந்து கடைசி வாக்கியத்தை வாசித்தார்: "இந்தச் சந்தோஷச் செய்தியைத் தாங்களே அவருக்குச் சொல்லும்படி வேண்டுகிறேன்." தாளை மடித்தார்.

ததேயு தரையில் முழங்காலிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில் அழுதார். அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டடி தள்ளி நின்ற பிரகாசிக்கும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு அவள் நினைவு வந்தது. நிமிர்ந்து பார்த்தார்.

பிரகாசி உபதேசியாரிடமிருந்து கடிதத்தை வாங்கி, முதலிலிருந்து கடைசி வரை தானே வாசித்தாள். பிள்ளைகளின் நோட்டைத் திருத்துகிறவள் வாசிக்கிற வாசிப்பு.

"திங்கக்கிழமையே தெரியும் ஒங்களுக்கு."

"தெரியும்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா."

"ஞாயித்துக்கிழமையோட மூணு ஓலையும் வாசிச்சாச்சு, மக்களே. அதுக்குப் பொறவு விக்கினம் கேக்குற மொற இல்ல. சாமியும் கல்யாணம் முடியட்டும்னு சொல்லிட்டாவ."

தாய்மாமன் நாற்காலியைத் தூக்கினார். நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். பிரகாசியின் அப்பா மகள் கழுத்திலிருந்த தாலியின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். முடியவில்லை. கேக் வெட்டிய கத்தியால் அறுத்தார்.

ததேயு அன்று மாலையே ரயில் ஏறினார். கல்யாணம் செல்லாது என்று மேற்றிராணியார் பிறகு எழுதி அனுப்பினார். காலை எட்டிலிருந்து மாலை நாலு மணி வரை இருவரும் எங்கே எங்கே இருந்தார்கள் என்று ஊர் மணிக்கணக்குப் பார்த்தது. நான் எழுதி, அச்சுக் கோத்து வைத்திருந்த பன்னிரண்டு வரிக் கல்யாணச் செய்தியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உப்பு ஏற்றுமதியைப் போட்டோம்.

ஒரு வாரம் கழித்து உபதேசியாரிடம் கேட்டேன். "அந்தக் கடுதாசிய விருந்துக்கு ஏன் பையில வச்சு எடுத்துட்டு வந்தீரு?"

இந்தக் கேள்விக்குத்தான் அவர் கண்ணாடியைத் தொடவில்லை. "யாராவது கேட்டா, கையில இல்லன்னு சொல்லக்கூடாது பாரும்" என்றார். அப்போது அவர் உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பென்று என்னால் எழுத முடியாது. இல்லையென்றும் எழுத முடியாது.

சண்டை முடிந்த மறுவருஷம் பிரகாசிக்கு மணப்பாட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மனைவியை இழந்தவர், பிள்ளையில்லை, கப்பல் ஏஜண்டு ஆபீசில் குமாஸ்தா. வந்து பார்த்தார். முகத்தைப் பார்த்த பிறகும் சரி என்றார். பெண்ணுக்கு ஏற்கெனவே ஒரு சம்பந்தம் பேசி நின்றுபோனது என்று மட்டும் தரகர் அவரிடம் சொல்லி வைத்திருந்தார். ஏதோ காதில் விழுந்து, மணப்பாட்டுப் பங்குச்சாமியார் எங்கள் கோயிலுக்கு எழுதிக் கேட்டார். அன்று காலை நான் உபதேசியாரின் மேசையில் அடக்கப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரகாசி பள்ளிக்கூடச் சேலையோடு வந்து நின்றாள்.

"மணப்பாட்டுக்கு என்ன எழுதப் போறீய?"

"அவுக கேட்டதுக்குப் பதில்."

"என்ன கேட்டிருக்காவ?"

"ஒனக்கு இந்தக் கோயில்ல கல்யாணம் நடந்துச்சான்னு."

"செல்லாதுன்னு மேற்றிராணியார் எழுதினது?"

"அத அவுக கேக்கல."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "நான் கேக்கேன் உபதேசியாரே. பொய் எழுதச் சொல்லல. அது செல்லாதுன்னு ஒரு வரி. ஒரே ஒரு வரி கூட எழுதுங்க. எனக்கு இனி ஆள் வராது."

கண்ணாடி கழன்றது. வேட்டி நுனி. இரண்டு பக்கமும்.

"கடுதாசி போட்டது நீயில்ல, மக்களே. அவுக கேக்கட்டும். எழுதுதேன்."

அவள் போனபின் எழுதினார். முத்துக் கோத்ததுபோல் கையெழுத்து. ஆம், இன்னார் மகள் பிரகாசிக்கு இக்கோயிலில் இன்ன தேதியில் இன்னின்னார் சாட்சியாகத் திருமணம் நடந்தது. மூன்று வரி. மை காய மேசையில் வைத்தார். நான் வாசித்தேன். மதியத் தபாலில் போயிற்று.

மணப்பாட்டிலிருந்து மறு கேள்வி வரவில்லை. பிரகாசியின் அப்பா போய் விளக்கிப் பார்த்தார். ஒன்றை மறைத்தவர்கள் இன்னொன்றையும் மறைப்பார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தவக்காலம் முடிந்ததும் அந்தக் குமாஸ்தா வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டார்.

மணப்பாட்டுப் பங்குச்சாமியார் எங்கள் பத்திரிகைக்குச் சந்தாதாரர். விலாசம் என் மேசையில் இருந்தது. நான் எழுதினால் நம்புகிறவர். ஒரு கார்டு போதும். நான் போடவில்லை.

மூன்று வருஷம் கழித்து, உபதேசியாரை அடக்கம் செய்த பிறகு, ரயில் நிலையத்தில் பிரகாசியைப் பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகளைத் திருநெல்வேலிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தாள். தலையில் நரை தெரிந்தது.

"மணப்பாட்டுக்குக் கடுதாசி எழுதுன அன்னைக்கு நீங்க அங்கன இருந்தீயல்லா?" என்றாள்.

"இருந்தேன்."

"எழுதினத வாசிச்சீயளா?"

"வாசிச்சேன்."

அடுத்து ஒன்று கேட்பாள் என்று நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பிள்ளைகளை எண்ணி வண்டியில் ஏற்றத் தொடங்கினாள்.